கன்றுக்குட்டி நோட்டில் ஒரு காலிக் கட்டம்

சைமா புக்கோனென் பாலில் தண்ணீர் கலக்கமாட்டாள். ஹர்விலா கிராமத்தில் எல்லோருக்கும் இது தெரியும். லெனின்கிராட் நகரத்தில் அவளிடம் பால் வாங்கிய பதினோரு வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். தெரியாதவர் யாராவது தப்பித்தவறி இருந்துவிட்டால் அவளே சொல்லிவிடுவாள்.

முப்பத்துநாலு வருடம் அவள் காலை ஆறு மணி மின்சார ரயிலில் போய்வந்தாள். இரண்டு பால் கேன்களைத் துணியால் முடிந்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவாள். எதிர் இருக்கையில் அதே மாதிரி இரண்டு கேன்களோடு அமாலியா முல்லோ உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே வயது. வண்டி நகர்ந்ததும் சைமா தொடங்கிவிடுவாள்.

"அமாலியா, கேனை நல்லா மூடிவைடி. உள்ள இருக்கிற மீன் துள்ளி வெளிய விழுந்திடப்போவுது."

"விழட்டுமே. பாலோட மீனும் குடுக்கிறவ நான் ஒருத்திதான்னு சனங்க சந்தோஷப்படுவாங்க."

"எம் பாலை ஜன்னல் கண்ணாடியில ஒரு சொட்டு விடு, அப்படியே நிக்கும். உன் பாலை விட்டா கண்ணாடி சுத்தமாயிடும்."

"அதுக்குத்தான் எங்கிட்ட ரெண்டு கேன் வாங்குறாங்க. ஒண்ணு குடிக்க, ஒண்ணு துடைக்க."

பெட்டியே சிரிக்கும். அமாலியாதான் முதலில் சிரிப்பாள். வட்ட முகம், முன்பல் ஒன்று கிடையாது. எதைச் சொன்னாலும் கோபம் வராத பிறவி என்று ஊரில் பேர். சைமா அப்படியில்லை. ஒல்லியாக, உயரமாக, நாக்கு நுனியில் எப்போதும் ஒரு பதிலோடு இருப்பாள்.

அந்த நாக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். சைபீரியாவிலிருந்து திரும்பிவந்த எங்கள் இங்கெரி சனங்கள், லெனின்கிராட்டைச் சுற்றிக் குடியிருந்த ஃபின்லாந்து வம்சத்தார், ரயிலில் சொந்த மொழி பேசப் பயந்தார்கள். பேசினால் யாராவது ஒருவன் முகத்தைச் சுளிப்பான், 'சுஹ்னா' என்று எங்களைத் திட்டுவதற்கென்றே வைத்திருக்கும் வார்த்தையைச் சொல்வான். சைமா குரலைத் தணித்ததே இல்லை. ஒருமுறை தொப்பிக்காரர் ஒருவர், "மனுஷ பாஷையில பேசுங்கம்மா" என்றார். சைமா சுத்தமான ரஷ்ய மொழியில் திருப்பிக் கொடுத்தாள்: "எங்க மாடு இந்த பாஷையிலதான் பால் கறக்குது, ஐயா. குடிக்கிறப்ப உங்களுக்குக் கசக்கலியே?" தொப்பிக்காரர் அடுத்த நிறுத்தத்தில் வேறு பெட்டிக்குப் போய்விட்டார். அன்றைக்கு அந்தப் பெட்டியில் எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அவள் கதை எங்கள் எல்லோருடைய கதையும்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் போலீஸ்காரர்கள் போதகரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், கோயிலைப் பூட்டினார்கள், பிறகு திறந்தபோது அது நடனக் கொட்டகையும் சினிமாவும் ஆகியிருந்தது. மறுவருடம் சைமாவின் அப்பாவைக் கூட்டிப்போனார்கள். இரண்டு பேரும் திரும்பவில்லை. நாற்பத்திரண்டு மார்ச்சில், போர்க்கால லெனின்கிராட் முற்றுகைப் பசியில் மிச்சமிருந்தவர்களை லாரியில் ஏற்றி, உறைந்த லடோகா ஏரியைத் தாண்டவைத்து, சரக்கு ரயிலில் போட்டுச் சைபீரியாவில் இறக்கினார்கள். ஃபின்லாந்து எல்லை பக்கத்தில் இருப்பதும், நாங்கள் பேசுவது அந்த ஊர் மொழி மாதிரி இருப்பதும்தான் குற்றம். முந்நூறு வருடமாக இதே மண்ணில் உருளைக்கிழங்கும் பாலுமாகக் கிடந்தவர்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. சைமாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. நோயாளி அம்மாவை முதுகில் சுமந்துதான் லாரியில் ஏறினாள்.

ஐம்பத்தாறில் திரும்பிவந்தபோது அம்மா இல்லை. அப்பா கட்டிய வீட்டில் ஒரு ரயில்வே ஊழியர் குடும்பம் இருந்தது. அவர்கள் கெட்டவர்களில்லை, யாரோ இருக்கச் சொன்னார்கள், இருந்தார்கள். சைமா சண்டை போடவில்லை. உருளைக்கிழங்குத் தோட்டத்துக் கோடியில் அப்பா கட்டிய நீராவிக் குளியல் கொட்டகை சும்மா கிடந்தது. அதில் ஒரு கட்டிலைப் போட்டாள், ஒரு மாட்டை வாங்கினாள். கடைசிவரை அங்கேதான். தன் வீட்டு ஜன்னலில் வேறு யாரோ திரை மாட்டுவதைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்வதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. "திரை நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் சுருக்கமா மாட்டியிருக்காங்க" என்று ஒருமுறை சொன்னாள்.

இதெல்லாம் ஊரில் பலருக்கும் நடந்ததுதான். சைமாவை சைமா ஆக்கியது வேறு ஒன்று.

போதகர் இல்லாத இடத்தில், குழந்தை சாகக் கிடந்தால், ஞானஸ்நானம் பெற்ற யார் வேண்டுமானாலும் அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர் வேண்டும், மூன்று முறை தலையில் விடவேண்டும், பேரைச் சொல்லி உரிய வார்த்தைகளைச் சொல்லவேண்டும். அவசரத்துக்கு என்று வைத்த வழி. எங்களுக்கு அந்த அவசரம் ஐம்பது வருடம் நீடித்தது. ஆண்கள் சுரங்கத்திலும் காட்டிலும் செத்துப்போனார்கள். கோயில் காரியம் பெண்கள் தலையில் விழுந்தது. ஹர்விலாவைச் சுற்றிப் பன்னிரண்டு ஊருக்கு சைமாதான். யாராவது செத்தால் குழிமேட்டில் நின்று பாடி, மூன்று முறை மண் தள்ளுவாள். குழந்தை பிறந்தால், ஞானஸ்நானம் என்ற பேச்சே வெளியே போகக்கூடாது என்பதால், "பிறந்தநாள் விருந்துக்கு வாங்க" என்று சொல்லியனுப்புவார்கள். ஜன்னலை மூடி, மேசையில் பழப் பணியாரமும் காப்பியும் பரப்பி, நடுவில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பார்கள். கதவு தட்டினால் எல்லோரும் சேர்ந்து பிறந்தநாள் பாட்டுக்கு மாறிவிடுவார்கள். ஒரே குழந்தைக்கு ஒரே நாளில் மூன்று முறை அந்தப் பாட்டைப் பாடியதும் உண்டு.

ஒவ்வொரு பேரையும் அவள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதிவைத்தாள். மேலட்டையில் பெரிதாக 'கன்றுக்குட்டிகள்' என்று எழுதியிருக்கும். உள்ளே கட்டம் கட்டமாக: தாய், கன்று, தேதி, தண்ணீர். அறுபத்திரண்டில் ஒரு போலீஸ்காரர் கொட்டகையைச் சோதனை போட வந்தார். நோட்டைப் புரட்டினார்.

"தாய் சூசன்னா, கன்று தைமி. தாய் ஹெலேனா, கன்று வைனோ. என்னம்மா, மாட்டுக்கெல்லாம் மனுஷப் பேரா வச்சிருக்கீங்க?"

"எங்க மாடுங்க ரொம்ப ரோஷக்காரங்க, ஐயா. மரியாதையாக் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பார்க்கும்."

"தண்ணீர்னு ஒரு கட்டம் இருக்கே?"

"எந்தத் தண்ணியக் குடிச்சா எந்தக் கன்னு நல்லா வளருதுன்னு பார்க்கிறேன்."

போலீஸ்காரர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு தம்ளர் பால் குடித்துவிட்டுப் போனார். தண்ணீர் கட்டத்தில் அவள் பொய் எழுதியதே இல்லை. 'கிணறு', 'ஏரி', 'உருக்கின பனி', 'சாமோவார் வெந்நீர், ஆறவைத்தது'. ஓரிடத்தில் 'மழை' என்று இருக்கும். மேலட்டையைத் தவிர அந்த நோட்டில் எல்லாம் நிஜம் என்பது அவளுக்கு இருந்த பெரிய பெருமை.

முதல் வரியின் தண்ணீர் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

தொண்ணூறாம் வருடம் கோயில் திரும்பக் கிடைத்தது. சினிமாத் திரையைக் கழற்றினோம். தரையிலிருந்து சிகரெட் நாற்றம் போக மூன்று வாரம் சோடாத்தூள் போட்டுத் தேய்த்தோம். ஃபின்லாந்திலிருந்து ஆன்தெரோ என்று ஒரு போதகர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல மனிதர். அவர் பேசினால் ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். நாங்கள் பேசினால் அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார், செத்துப்போன யாரோ பேசுவதைக் கேட்பது மாதிரி. "ரஷ்யாக்காரனுக்கு நாம ஃபின்லாந்துக்காரன், ஃபின்லாந்துக்காரனுக்கு நாம ரஷ்யாக்காரன். ரெண்டு பேருக்கும் சேர்த்து யாராவது ஒரு கடுதாசி போடுங்கப்பா" என்று அமாலியா அவர் எதிரிலேயே சொன்னாள். போதகருக்கு முகம் சிவந்துவிட்டது.

ஜூன் மாத யோவான் திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்றைக்குத்தான் கோயிலில் முதல் ஆராதனை, முதல் ஞானஸ்நானம். போதகர் சைமாவின் கொட்டகைக்கு வந்து, கன்றுக்குட்டி நோட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

"அம்மா, இதை அப்படியே சபைப் பதிவேட்டில ஏத்திடலாம். அவசர ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்த ஒரு முறை இருக்கு. யார் கொடுத்தது, எதால கொடுத்தது, என்ன வார்த்தை சொன்னது, இந்த மூணையும் சபை முன்னால கேக்கணும். நீங்க இவ்வளவு சுத்தமா எழுதி வச்சிருக்கீங்க, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தடவையாக் கேட்டுடலாம்." பிறகு விரல் முதல் வரியில் நின்றது. "இது மட்டும் விட்டுப்போயிருக்கு. தைமி. நாற்பத்துமூணு ஜனவரி. சைபீரியா... பனியாத்தான் இருக்கும், இல்லையா? பனின்னு போட்டுடவா?"

பேனா திறந்தபடி இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் சைமா.

போதகர் நிமிர்ந்து பார்த்தார். "தண்ணிதானே அம்மா? தண்ணி இல்லாம வேற எதுவா இருந்தாலும் அது ஞானஸ்நானம் ஆகாது. சந்தேகம்னா ஒண்ணும் கவலை இல்லை, அவங்களுக்குப் புதுசாவே கொடுத்திடலாம்."

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதை அவர் தைமியிடமும் போய்ச் சொன்னதுதான் வினை.

தைமி நகரத்தில் டிராம் ஓட்டுபவள். நாற்பத்தேழு வயது, டிராமுக்கு ஏற்ற உடம்பு, டிராம் மணிக்கு ஏற்ற குரல். திருநாளன்று ஞானஸ்நானம் பெறப்போவது அவள் தங்கை மகளின் குழந்தை, தைமிதான் ஞானத்தாய். மறுநாள் மாலை அவள் சீருடையோடு கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"சைமா அத்தை, அந்த ஐயா என்ன சொல்றாரு? எனக்குப் புதுசா ஞானஸ்நானம் குடுக்கிறாராம்! நாப்பத்தேழு வருஷம் கழிச்சு!"

"நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருக்காரு."

"எண்ணத்த யாரு கேட்டா? என் பாஸ்போர்ட்ட எடுத்துப் பாருங்க. தமாரா நிகொலாயெவ்னா, ரஷ்யர்னு இருக்கும். அம்மா ரெண்டாவதா அந்த லாரி டிரைவரைக் கட்டிக்கிட்டப்ப அவரு பேரை அப்பா பேராச் சேர்த்து மாத்தினது. எனக்கு நல்லதுக்குத்தான் மாத்துனாங்க, நான் குத்தம் சொல்லல. ஆனா என்னைப் பெத்த அப்பா பேரு எந்தக் காயிதத்துலயும் கிடையாது. நான் தைமின்னு இந்த உலகத்துல ஒரே ஒரு எடத்துலதான் எழுதியிருக்கு. அதுவும் கன்னுக்குட்டின்னு!" சிரிக்கப் பார்த்தாள், குரல் உடைந்தது. "அதையும் அடிச்சிட்டு, தொண்ணூறாம் வருஷம் ஜூன்னு போட்டா, இத்தனை வருஷமா நான் யாரு அத்தை? அம்மா சொல்லுவாங்க, நான் நீலமாப் பொறந்தேனாம். மூச்சே இல்லையாம். நீங்க பேரு சொல்லி ஊத்துனப்பத்தான் அழுதேனாம். எதை ஊத்துனீங்க?"

சைமா மாட்டுக்குப் புல் போடப்போகிற சாக்கில் எழுந்துவிட்டாள். தைமி அவளுக்கு முதல் கன்று. அவளுக்குப் பதில் சொல்லாமல் எழுந்துபோனது அதுவே முதல் தடவை.

ஊற்றியது பால்.

நாற்பத்துமூன்று ஜனவரி, சைபீரியாவில் யெனிசேய் ஆற்றங்கரைக் கூட்டுப்பண்ணை. மத்தியானக் கறவை நேரம். சூசன்னாவுக்கு மாட்டுத் தொழுவத்திலேயே வலி வந்து, வைக்கோலின் மேல் பிள்ளை விழுந்தது. நீலமாக, அசையாமல். தொட்டியிலிருந்த தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. கொதிகலன் அறை முற்றத்துக்கு அந்தப் பக்கம்; அங்கே போய் வெந்நீர் கொண்டுவருகிறவரையோ, பனி அள்ளி உருக்குகிறவரையோ அந்தப் பிள்ளை தாங்காது. சைமாவின் கையில் அப்போதுதான் கறந்த வாளி இருந்தது. வெதுவெதுப்பாக. அவள் யோசிக்கவில்லை. மூன்று முறை கையால் அள்ளி விட்டாள், வார்த்தைகளைச் சொன்னாள். மூன்றாவது முறை பிள்ளை தும்மியது, பிறகு கத்தியது.

சரி, பால்தானே, சொல்லிவிடலாமே என்று தோன்றும். சொன்னால் தைமியின் வரி போய்விடும். பால் செல்லாது. ஆனால் அது வெறும் பால் இல்லை என்பது சைமாவுக்கு மட்டும் தெரியும்.

பண்ணையில் ஒவ்வொரு கறவைக்காரியும் இவ்வளவு கறக்கவேண்டும் என்று அளவு வைத்திருந்தார்கள். குறைந்தால் ரொட்டி குறையும். மாடுகளே பட்டினி. கறவைக்காரிகள் எல்லோரும் கொதிகலனிலிருந்து வெந்நீரை மொண்டு கலந்தார்கள். பாலை அளந்து வாங்குகிறவனுக்கும் அவன் அளவு இருந்தது, அவன் கண்டுகொள்ளவில்லை. அமாலியாவும் அங்கேதான் இருந்தாள். அவள் ஒளிவுமறைவில்லாமல், பாடிக்கொண்டே ஊற்றுவாள். சைமா மட்டும் கலக்கவில்லை என்று பேர். அவள் பங்குக்கு வந்தது மூன்று காம்பு செத்துப்போன ஒரு கிழட்டு மாடு. அந்த மாட்டை வைத்துக்கொண்டே தினமும் அளவை எட்டினாள். "எல்லாம் கைராசி. என் கை பட்டா கல்லும் சுரக்கும்" என்று அவள் சொல்லாத விருந்து இல்லை.

ஆனால் அம்மா இருமி இருமி ரத்தம் துப்பிய அந்தக் குளிர்காலத்தில், அவளும் யாரும் பார்க்காதபோது வாளிக்கு ஒரு குவளை வெந்நீர் ஊற்றியிருந்தாள். ஒரே ஒரு குவளை. அதற்காக நாற்பத்தேழு வருடம் வெட்கப்பட்டாள். ஊர் திரும்பிய பிறகு ஒரு சொட்டு கலக்கவில்லை. கலக்கிறவர்களைப் பேசாமல் விடவும் இல்லை. அமாலியாவை அதிகமாகப் பேசினாள்.

உண்மையைச் சொன்னால் அந்த வாளியில் தண்ணீர் இருந்தது என்று ஆகும், தைமியின் வரி நிற்க வழி உண்டு. ஆனால் சைமாவின் பேர் போகும். பேர் போனால் அவளோடு போகாது. பாலில் தண்ணீர் கலந்தவள் கொடுத்த ஞானஸ்நானம் என்று முந்நூற்றுப் பதினோரு பேரும் ஒரு கணமாவது யோசிப்பார்கள். பனி என்று ஒரு பொய் சொன்னால் எல்லோரும் பிழைப்பார்கள். ஆனால் நோட்டின் முதல் வரியே பொய்யாகிவிடும். அந்த வாரம் அவள் ரயிலில் அமாலியாவைக் கிண்டல் செய்யவில்லை.

"உடம்பு சரியில்லையாடி? எம் மீனைக்கூட விசாரிக்கல?" என்றாள் அமாலியா.

"கேனை ஒழுங்காப் பிடி" என்றாள் சைமா.

யோவான் திருநாள் காலை. கோயில் வாசலில் இரண்டு பக்கமும் இளம் பிர்ச் மரங்களை வெட்டிவந்து நட்டிருந்தார்கள். ஐம்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு உள்ளே நிற்க இடமில்லை. கன்றுக்குட்டிகள் எல்லாம் வந்திருந்தார்கள்: வழுக்கைத் தலைக் கன்றுகள், பேரன் எடுத்த கன்றுகள், எஸ்தோனியாவிலிருந்து பஸ்ஸில் வந்த கன்றுகள். நகரத்திலிருந்து சைமாவின் வாடிக்கைக்காரி ஸினைதா டீச்சரும் தொப்பி வைத்துக்கொண்டு வந்திருந்தார். அமாலியா மூன்றாவது வரிசையில், திருநாள் முக்காட்டோடு. தைமி முன் வரிசையில், மடியில் குழந்தையோடு, வெள்ளைச் சட்டை போட்டு, கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

போதகர் நோட்டைப் பீடத்தில் வைத்து, முந்நூற்றுப் பதினோரு பேருக்கும் சேர்த்துக் கேட்டார். சைமா பதில் சொன்னாள். கோயிலே மூக்கை உறிஞ்சியது. பிறகு அவர் குரலைத் தணித்தார்.

"தைமி. ஞானஸ்நானம் கொடுத்தது யார்?"

"நான். சைமா புக்கோனென்."

"எதால் கொடுத்தீர்கள்?"

சைமா தைமியைப் பார்த்தாள். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, மூன்றாவது வரிசையையும் பார்த்தாள்.

"தண்ணியாலதான்" என்றாள். "அதுல பாலும் இருந்துச்சு."

யாரோ இருமினார்கள். போதகருக்குப் புரியவில்லை.

"பாலா?"

"கறந்த வாளிங்க, ஐயா. கையில அதுதான் இருந்துச்சு. அதுல நான் தண்ணி கலந்திருந்தேன்." இப்போது அவள் சபையைப் பார்த்துப் பேசினாள், குரல் தணியவில்லை. "ஆமா. நான்தான். பண்ணையில அளவு வரல, அம்மாவுக்கு ரொட்டி வேணும், கலந்தேன். இங்க வந்தப்புறம் கலக்கல. ஆனா கலந்தவ. கலக்காதவ மாதிரி எல்லாரையும் பேசினேன். அதுவும் நான்தான்."

ஸினைதா டீச்சருக்கு மொழி புரியாது. பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். டீச்சரின் தொப்பி மெதுவாகத் திரும்பியது.

போதகர் தொண்டையைச் செருமினார். "எவ்வளவு தண்ணி அம்மா?"

"ஒரு குவளை."

"ஒரு வாளிக்கா?"

"ஒரு வாளிக்கு."

போதகர் நோட்டைப் பார்த்தார், தைமியைப் பார்த்தார். ஒரு வாளிப் பாலில் ஒரு குவளைத் தண்ணீர் என்றால் அது பால்தான். அவர் முகத்தில் இருந்ததைத் தைமி படித்துவிட்டாள். ஞானஸ்நானம் இல்லாதவள் ஞானத்தாயாக நிற்கமுடியாது என்று, குழந்தையைத் தங்கை மகளிடம் கொடுக்கக் கையை நீட்டினாள். சைமாவின் வாழ்க்கையில் அதைவிட மோசமான கணம் உண்டா என்று எனக்குத் தெரியாது. பேரையும் விட்டாள், பெண்ணும் கைவிட்டுப் போகிறாள்.

"ஐயா, கொஞ்சம் இருங்க" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அமாலியா முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். "இதுக்குச் சாட்சி கேக்கிற வழக்கம் உண்டா?"

"உண்டு, அம்மா."

"அப்ப எழுதிக்குங்க. அவ ஒரு குவளைதான் ஊத்துனா. அது நெசம். திருடத் தெரியாதவ, கை நடுங்கும் பாருங்க, பாதி வெளிய சிந்தும். மீதிய நான் ஊத்துனேன்."

சைமா திரும்பினாள். "எந்த மீதி?"

"உன் மாடு நாளுக்கு ஒரு செம்பு குடுக்கும்டி. மூணு காம்பு செத்த மாடு! வாளி எப்படி நெறைஞ்சுதுன்னு நெனச்ச?"

"கை..." என்று தொடங்கிய சைமா நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா, கைராசி. எங் கைராசி." அமாலியா முதல்முறையாகச் சிரிக்காமல் பேசினாள். "நீ வைக்கோல் எடுக்கப் போவ. நான் கொதிகலன்லேருந்து மொண்டுவந்து ஊத்திட்டுப் போயிடுவேன். தினமும். சொன்னா நீ வாளியக் கவுத்திருப்ப. உங்கம்மாவுக்கு யாரு ரொட்டி குடுக்கிறது? அன்னிக்கும் ஊத்துனேன் ஐயா. நாலு குவளை. சூசன்னா கத்தவும் தடுப்புக்குப் பின்னாலேயே நின்னுட்டேன், எல்லாத்தையும் பார்த்தேன். அந்த வாளியில முக்காவாசிக்கு மேல தண்ணி. பாலு சும்மா கலருக்கு."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். கோயில் முழுக்கச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போதகரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தைமி குழந்தையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, டிராம் மணி மாதிரி ஒரு சத்தத்தில் அழுதாள்.

சைமா மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

"முப்பத்துநாலு வருஷம் உன்னை ரயில்ல பேசினேனே. ஒரு நாள் சொல்லியிருக்கலாமே, அமாலியா."

"சொல்லி? பால்ல தண்ணி கலந்தவ ஊத்தின தண்ணிய யாருடி நம்புவா? எம் மகனுக்கும் பேத்திக்கும் நீதான ஊத்துன. இந்தச் சனங்களுக்குக் கோயில் இல்ல, போதகர் இல்ல, வீடு இல்ல. நீ ஒருத்தி சுத்தமானவன்னு இருந்துட்டுப் போயேன்னு விட்டேன்." உட்காரப்போனவள் மறுபடி நிமிர்ந்தாள். "இன்னொண்ணு. இங்க வந்தப்புறம் நானும் ஒரு சொட்டு கலக்கல. மீன் கதையெல்லாம் உன் கற்பனை."

மூன்றாவது கேள்வி மிச்சமிருந்தது. என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று போதகர் கேட்டார். சைமா எங்கள் பேச்சில், எங்கள் உச்சரிப்பில், தொழுவத்தில் சொன்னபடியே சொன்னாள். அவர் தலையைச் சாய்க்காமல் கேட்டார். "இந்த ஞானஸ்நானம் செல்லும்" என்றார். "நாற்பத்துமூன்று ஜனவரியிலிருந்து."

பிறகு பேனாவைத் திறந்து, காலிக் கட்டத்தின் மேல் குனிந்தார். "தண்ணீர்னு போடுறேன்."

"இருங்க ஐயா. அது என் நோட்டு" என்றாள் சைமா. "எந்தத் தண்ணின்னு எழுதுறதுதான் அதுல வழக்கம்."

பேனாவை வாங்கிக்கொண்டு மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். கிணறு, ஏரி, பனி, மழை என்று அந்தப் பத்தி முழுக்க இறங்கும் கட்டங்களுக்கெல்லாம் மேலே, முதல் வரியில், எழுத்து எழுத்தாக எழுதினாள்: 'அமாலியா முல்லோவின் தண்ணீர்.'